காந்தம் ஒட்டுகிற ஹெட்டர்: பட்டறைமேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: வள்ளியூர் பக்கம் கிராமம். மூன்று வருஷமாக வீட்டுக் கொட்டகையில் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி வருகிறேன். சேஸிஸ் நானே வெல்டு அடித்தது. எஞ்சின் பழைய எஸ்டீம் காரின் 1300 சிசி. எஞ்சின் புகையை வெளியேற்றும் அதன் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு ஸ்டீயரிங் ராடில் இடித்தது. அதனால் பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில், அதற்குப் பதிலாக, நாலு புகைக்குழாயும் ஒன்றில் சேருகிற மாதிரி ஹெட்டர் செய்யக் கொடுத்தேன். எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய், டிக் (ஆர்கான் வாயு) வெல்டிங், 42,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு. 30,000 ஜிபேயில் அனுப்பினேன். போல்ட் துளை அளவுக்காக என்னிடம் இருந்த இன்னொரு சிலிண்டர் ஹெட்டையும் (ஹெட்டர் மாட்டுகிற எஞ்சின் மேல்பாகம்) கொடுத்திருந்தேன். மாட்டிக் கொஞ்ச நாளிலேயே மூன்றாவது போர்ட் வெல்டு ஓரம் விரிசல். 304 என்றால் காந்தம் ஒட்டாது என்பார்கள், இதில் வைத்தால் ஒட்டுகிறது. கேட்டால், "மீதி 12,000-ஐக் கொடுத்துட்டு ஹெட்டை எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்கிறார். கேஸ் போட்டால் காரையே பிடித்துவிடுவார்கள் என்கிறான் நண்பன். ஒருநாள் விடியற்காலை நாலுவழிச் சாலையில் நாங்குநேரி வரை ஓட்டிப் பார்த்ததும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டு விவகாரம். பட்டறையோடு உங்களுக்குள்ள கணக்கு ஒன்று, காருக்கும் ரோட்டுக்கும் உள்ள கணக்கு இன்னொன்று. முதலாவதில் உங்கள் பக்கம் பலம். இரண்டாவதில் பலம் எதுவுமில்லை. நண்பர் இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறார்.

பட்டறை விஷயம். சொந்தப் பொழுதுபோக்குக்காகக் காசு கொடுத்து வேலை வாங்கியிருக்கிறீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் நுகர்வோர், செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து 2 வருஷம் கெடு.

எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே ஆரம்பிப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். "ரோட்டில் ஓடக் கூடாத காருக்குச் செய்த சாமான், நோக்கமே சட்டவிரோதம், ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி பேச்சே செல்லாது" என்பார். இது நிற்காது என்பது என் கருத்து. ஹெட்டர் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பந்தயத் தடத்தில் ஓடுகிற கார்களுக்கும் யாரோ ஒரு பட்டறைக்காரர்தானே செய்கிறார்.

உண்மையான சண்டை சாட்சியத்தில்தான். காந்தத்தை நம்பி நோட்டீஸ் எழுதாதீர்கள். அசல் 304 குழாயிலும்கூட, வளைத்த இடத்திலும் வெல்டு போட்ட இடத்திலும் காந்தம் லேசாக இழுக்கும். நேர்க் குழாயின் நடுவிலும் கப்பென்று பிடித்தால்தான் சந்தேகப்பட நியாயம் உண்டு. அப்போதும், சைலன்சருக்கென்றே வருகிற 409 ரகமாக இருக்கலாம். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் நீங்கள் பேசியது அதுவல்ல. அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் ஸ்பெக்ட்ரோ சோதனை செய்தால் குரோமியம், நிக்கல் சதவீதம் எழுத்தில் வரும். 409-இல் நிக்கல் அநேகமாக இருக்காது, 304-இல் 8 சதவீதத்துக்குக் குறையாது. நுகர்வோர் சட்டம் 38-ஆம் பிரிவில் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டுச் சோதனைக்கு அனுப்பும் வழியும் உண்டு. செலவை நீங்கள் கட்ட வேண்டும்.

அதுவரை அந்த விரிசலைத் தொடாதீர்கள். "ஒரு டாக்கு (சின்ன வெல்டு) வச்சா சரியாயிடும்" என்று யாராவது வருவார்கள். வைத்தால் உங்கள் சாட்சியம் போச்சு. கழற்றி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஆர்கான் நிரப்பாமல் டிக் வைத்திருந்தால், வெல்டின் பின்புறம் கருத்து, பாகு முறிந்து சர்க்கரை பூத்த மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். சூட்டிலும் அதிர்விலும் முதலில் விடுவது அந்த இடம்தான். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதி தெரியப் படம் எடுங்கள். வாட்ஸ்அப் பேச்சில் "304" என்று அவர் ஒப்புக்கொண்ட இடத்தை அழியாமல் வையுங்கள். பிரதி எடுத்துத் தரும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கிற சான்றையும் சேர்ப்பது நல்லது.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. விரிசல் நாங்குநேரி ஓட்டத்துக்கு முன்னா, பின்னா? அவர்களின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எஞ்சின் ஆடும்போது குழாய் ஆட வழியில்லாமல் பின்பக்கத்தைச் சேஸிஸோடு இறுக்கியது யார், நடுவில் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு) வேண்டாம் என்றது யார் என்றும் கேட்பார்கள். டிசைன் உங்களுடையது என்றால் குற்றத்தில் ஒரு பங்கு உங்கள் தலையிலும் விழும். பிரமாணப் பத்திரத்தில் "கொட்டகையில் மட்டும்தான் ஓட்டினேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 30,000 ரூபாய்க்காகப் பொய்ச் சத்தியம் செய்யச் சொல்லி நான் யாருக்கும் யோசனை தருவதில்லை.

சிலிண்டர் ஹெட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவில், வேலை செய்த பொருளைக் கூலிக்காக நிறுத்தி வைக்கலாம். அவர் வேலை செய்தது ஹெட்டரில், ஹெட் வெறும் அளவுக்குக் கொடுத்தது. எந்தப் பாக்கிக்கும் எதையும் பிடித்துக்கொள்ளும் பொது உரிமை 171-இல் வங்கிகள் போலச் சிலருக்கு மட்டுமே. (வக்கீல்களுக்கே கட்சிக்காரர் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டறைக்கு எங்கே?) 15 நாள் கெடு வைத்து, பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் விடுங்கள்: ஹெட், 30,000, சோதனைச் செலவு. மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று போட்டால் ஆணையம் உங்களைத்தான் ஏற இறங்கப் பார்க்கும்.

இனி ரோடு. நுகர்வோர் ஆணையம் காரைப் பிடிக்காது. ரோட்டில் வைத்து போலீசோ மோட்டார் வாகன ஆய்வாளரோ மோட்டார் வாகனச் சட்டம் 207-ஆம் பிரிவில் பிடிக்கலாம். பதிவில்லாத வண்டிக்கு 192-ஆம் பிரிவில் முதல் தடவை 2,000 முதல் 5,000 வரை அபராதம். காப்பீடு இல்லாததற்கு 196-இல் 2,000 ரூபாய் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும்கூட. இதெல்லாம் சின்னத் தொகை. அன்று விடியலில் மாட்டோடு ஒருவர் குறுக்கே வந்திருந்தால் நஷ்டஈடு முழுக்க உங்கள் வீடு, வயல் மேல் வந்திருக்கும்.

பதிவு செய்யலாமா என்றால், இன்றுள்ள விதிகளில் தனியாளுக்கு நடைமுறையில் வழியில்லை. படிவம் 21-இல் விற்பனைச் சான்று, படிவம் 22-இல் தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று வேண்டும். அதற்குப் பின்னால் மோட்டார் வாகன விதி 126-இன்படி மாதிரி வண்டியைப் புனே போன்ற இடங்களில் சோதித்த சான்று வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒருவர், "அந்த எஸ்டீம் ஆர்.சி.யை வச்சு முடிச்சிரலாம்" என்பார். காதில் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற 52-ஆம் பிரிவு தடை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. சேஸிஸ் நம்பரை வெட்டி ஒட்டினால் அது அபராதத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல.

ஓட்ட ஆசை என்றால் வண்டியை லாரியில் ஏற்றிக் கோவை செட்டிபாளையம் தடத்துக்கோ, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோங்கள். உங்கள் காரை உள்ளே விட என்னென்ன வேண்டும் என்று தடத்துக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போகுமுன், புது ஹெட்டருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மோட்டார் வாகன விதி 113 ரோட்டு வண்டிக்குக் கேட்பது 35 மில்லிமீட்டர். உங்கள் கொட்டகைக் காருக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும்.