வாசகர் கேள்வி பதில்: கான்ஃபரன்ஸ் நடத்தப் போறீங்களா, முதல்ல கணக்கு நோட்டை எடுங்க

கேள்வி: ஐயா வணக்கம். காரைக்குடியில எலக்ட்ரிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறேன். ஐட்ரிபிள்ஈங்கிற பொறியாளர் சங்கத்தோட ஸ்டூடண்ட் பிராஞ்ச்ல வாலண்டியரா சேருன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. வீட்டுல அம்மா, "காசும் கட்டி வேலையும் பாக்கணுமா, இது என்ன கூத்து"ன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?
- ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: அம்மா கேட்டதுல தப்பே இல்ல ஆத்தா. ஆனா நகரத்தார் கோயிலுக்குக் குடும்பக் கணக்குல புள்ளி வரி கட்டுறாங்கள்ல, அதைக் கட்டுனதுக்கு அப்புறமும் திருவிழாவுக்குப் போயி பந்தியில பரிமாறத்தானே செய்யிறாங்க, வரி கட்டுனவன் எலை போட்டா கேவலமா என்ன. அதே கதைதான் இது. 1884-ல ஆரம்பிச்ச மின் பொறியாளர் சங்கமும் 1912-ல ஆரம்பிச்ச ரேடியோ பொறியாளர் சங்கமும் 1963-ல ஒண்ணாச் சேந்துதான் ஐட்ரிபிள்ஈ ஆச்சு. ஆபீஸ்ல சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க, இல்லேங்கல. ஆனா உங்க பிராஞ்ச் சேர்பர்சன், அதுக்கு மேல மெட்ராஸ் செக்ஷன், அதுக்கும் மேல ஆசிய பசிபிக் முழுக்கப் பாத்துக்குற ரீஜன் 10, அங்கெல்லாம் பொறுப்புல இருக்கிறவங்க வாலண்டியருங்கதான். பகல்ல வேலைக்குப் போயிட்டு ராத்திரி உக்காந்து மினிட்ஸ் எழுதுறவங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், ஜாயின்ட் செகரட்டரி மாதிரி பேருக்கு ஒரு போஸ்ட் வாங்கி ரெஸ்யூம்ல போட்டுக்காத. டிரெஷரர் வேலையைக் கேட்டு வாங்கு. யாரும் போட்டிக்கு வர மாட்டாங்க, ஏன்னா பில்லு சேக்கணும், ஸ்பான்சர்கிட்ட நாலு தடவ நடக்கணும், 200 ரூவா இடிச்சா ராத்திரி தூக்கம் வராது. கல்லூரியில எந்தப் பாடத்துலயும் இதைச் சொல்லித் தர்றது இல்ல. அம்மாகிட்ட "கணக்கு எழுதப் போறேன்"னு சொல்லிப் பாரு, நம்ம ஊருல அதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க.

கேள்வி: எங்க கல்லூரியில இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் நடத்தச் சொல்லி நிர்வாகத்துல உத்தரவு. வெளிநாட்டுக்காரங்க நாலு பேரு மேடையில இருந்தா போதும்கிறாங்க. மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. முடியுமா?
- பேராசிரியர், தேவகோட்டை

பதில்: மூணு மாசத்துல கல்யாணமே நடத்தலாம், கான்ஃபரன்ஸ் கஷ்டம் சார். ஒரு வருஷம் வேணும், ஒன்றரை வருஷம் கெடச்சா இன்னும் நிம்மதி.

நகரத்தார் கல்யாணத்துல இசைகுடிமானம் எழுதுறாங்கள்ல, ரெண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு. அந்த மாதிரி கான்ஃபரன்ஸுக்குத் துணை நிக்கிற ஐட்ரிபிள்ஈ மாதிரி சொசைட்டிகிட்ட முதல்ல எழுத்துல வாங்குங்க. ஃபைனான்ஷியல் ஸ்பான்சர்னா லாப நஷ்டத்துல அவங்களுக்குப் பங்கு உண்டு. டெக்னிக்கல் கோ-ஸ்பான்சர்னா கல்விப் பொறுப்புல மட்டும்தான் பங்கு, பணத்துல கிடையாது, நஷ்டம் வந்தா உங்க தலையிலதான். இது தெரியாம பெரிய லோகோவை பேனர்ல அடிச்சிப்புட்டு அப்புறம் முழிச்சவங்களப் பாத்திருக்கேன். ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி லோகோவைத் தொடவே தொடாதீங்க. ஒவ்வொரு பேப்பரையும் சம்பந்தமில்லாத வெளியாளுங்க படிச்சி ரிவ்யூ பண்ணணும், காப்பியடிச்சதான்னு சிமிலாரிட்டி செக் பாக்கணும், எழுதுனவங்க வந்து வாசிக்கணும். பணத்தக் கட்டிட்டு ஆளு வரலேன்னா அந்தப் பேப்பரை எக்ஸ்ப்ளோர்ங்கிற ஐட்ரிபிள்ஈயோட ஆன்லைன் நூலகத்துல ஏத்தாம நிறுத்திப்புடலாம். உங்க கல்லூரிப் பிள்ளைங்க பேப்பரே முக்கால்வாசி இருந்துச்சுன்னா அது இன்டர்நேஷனல் இல்ல, ஆண்டு விழா.

இனி விருந்தாளி விஷயம், என் சொந்தத் தப்பச் சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி நாங்க ஒரு கருத்தரங்கு வச்சப்ப முக்கியப் பேச்சாளருக்கு அழைப்புக் கடிதத்த லேட்டா அனுப்புனேன், அவருக்கு விசா கைக்கு வந்தது நாங்க ஷாமியானா பிரிச்ச மறுநாளு! கான்ஃபரன்ஸ் விசாவுக்கு வெறும் கடிதம் பத்தாது, உள்துறை அமைச்சகத்துல ஈவென்ட் கிளியரன்ஸ், வெளியுறவுத் துறையில பொலிட்டிகல் கிளியரன்ஸ்னு கேப்பாங்க, அந்த வேலைய முதல் மாசமே ஆரம்பிங்க. வந்தவங்கள ஹோட்டலுக்குப் பதிலா யாராவது சொந்தக்காரங்க செட்டிநாட்டு வீட்டுல ஆசையாத் தங்க வச்சீங்கன்னா வீட்டுக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்கிற தகவல ஆன்லைன்ல பதியணும், இத மறந்துட்டு வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கிட்டு இருப்பாங்க. திருச்சி, மதுரை ரெண்டு ஏர்போர்ட்டும் உங்களுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம். சிங்கப்பூர், கோலாலம்பூர்ல இருந்து வர்றவங்களுக்கு திருச்சிதான் லேசு. ராத்திரி ஃப்ளைட்டுன்னா வேனோட ஒரு வாலண்டியர் கண்டிப்பாப் போகணும், டிரைவர மட்டும் அனுப்பாதீங்க.

நிர்வாகத்துகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க, இந்த வருஷம் ஒரு நாள் ஒர்க்ஷாப் வைங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்.

கேள்வி: இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் எல்லாம் சென்னை, பெங்களூருக்குச் சரி. நம்ம பக்கம் எவன் வருவான்?
- வாசகர், புதுவயல்

பதில்: ரைஸ் மில்லு ஊருல இருந்துக்கிட்டு இப்புடிக் கேக்கலாமா அண்ணே. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூவாயும் குடுத்துத்தானே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்துச்சு. 1948-ல நேரு அடிக்கல் நாட்டுனாரு, 1953 பொங்கல் சமயத்துல ராதாகிருஷ்ணன் தொறந்து வச்சாரு. துருப்பிடிக்கிறது, பேட்டரி, முலாம் பூசறதுன்னு இந்தத் துறையில இருக்கிற வெளிநாட்டுக்காரன்கிட்ட போயி காரைக்குடின்னு சொல்லிப் பாருங்க, ஊருப் பேரு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். மின்வேதியியல்காரங்களோட சங்கம் ஒண்ணே இங்கதான் இருக்கு. அதனால உங்க ஊருல எதுல ஆளு இருக்கோ அதுல நடத்துங்க. ஏஐ, ஏஐன்னு எல்லாரும் வைக்கிற தலைப்பையே நாமளும் வச்சா அப்ப நிஜமாவே எவனும் வர மாட்டான்.

கேள்வி: வெளிநாட்டு விருந்தாளிக்கு நினைவுப் பரிசா ஆத்தங்குடி டைல்ஸ் குடுக்கலாமா?
- ஒரு இல்லத்தரசி, கானாடுகாத்தான்

பதில்: குடுக்காதீங்க ஆச்சி. ஒரு கல்லே கனம், ஃப்ளைட்டுல ஒடையும், நான் குடுத்த ஒருத்தரு ரூம்லயே வச்சிட்டுப் போயிட்டாரு. பனையோலைக் கொட்டான் குடுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி எடுத்துட்டுப் போவாங்க. உள்ள ரெண்டு முறுக்கு வைங்க.