சொதியா, குழம்பா?

கேள்வி: கொங்கோவில் உள்ள நியிராகொங்கோ எரிமலையில் எரிமலைக் குழம்பு மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியதாகப் படித்தேன். விஞ்ஞானிகள் கிட்டப் போய் அப்படி எதைத்தான் அளக்கிறார்கள்? யாழ்ப்பாணத்துக்கும் எரிமலை வர இடமுண்டா?
(ஒரு வாசகர், சுன்னாகம்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. நாம் குந்தியிருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல். கண்டத்தட்டு விளிம்பு எதுவும் கிட்டடியில் கிடையாது. நிலாவரைக் கிணற்றை எரிமலை வாய் என்று கதைவிடுகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள், அது தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உண்டாக்கிய குழி.

இனி, நீங்கள் எழுதிய 'குழம்பு'. இந்தச் சொல்லோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பகை. பாடப்புத்தகத்தில் இலாவா, பத்திரிகையில் லாவா, வானொலியில் தீக்குழம்பு. எதுவென்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நியிராகொங்கோவில் ஓடியதைக் குழம்பு என்று சொல்ல, யாழ்ப்பாணத்துக் குசினியில் வளர்ந்த நாக்குக் கூச வேண்டாமா? அது சொதி ஐயா, சொதி. இடியப்பத்தில் ஊற்றிய கணமே கோப்பையின் மறுகரைக்கு ஓடிவிடும் தண்ணிச் சொதி. ஹவாயில் ஓடுவதைக் குழம்பு என்னலாம். சிலிக்கா (மணலில் இருக்கும் சிலிக்கன், ஒட்சிசன் சேர்வை) 70 சதவீதத்தைத் தாண்டிய சாதி இருக்கிறதே, அது பிரட்டல். சட்டியைச் சரித்தாலும் அசையாது. மூடிபோல வாயை அடைத்து, உள்ளே வாயுவை அமுக்கி வைத்து, கடைசியில் சட்டியையே உடைக்கும். (சொதிக்குத் தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகே விடவேண்டும், அடுப்பில் கொதிக்கையில் விட்டால் பால் திரைந்துபோகும் என்று எழுதியதற்கே சண்டைக்கு வந்தவர்கள் இதற்கும் வருவார்கள். வரட்டும்.)

வித்தியாசம் மாவில் இருக்கிறது. ஒடியல் மா கூடினால் கூழ் தடிக்கும், குறைந்தால் பிளாவில் நிற்காமல் ஒழுகும். லாவாவுக்குச் சிலிக்காதான் ஒடியல் மா. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஒட்சிசன், அதில் ஒன்றைப் பங்குபோட்டு அடுத்த சிலிக்கன் என்று சங்கிலி கோத்துக்கொண்டு போகும். சங்கிலி நீள நீள ஓட்டம் மந்தமாகும். ஹவாய் லாவாவில் சிலிக்கா 50 சதவீதமளவில். நியிராகொங்கோவில் 40க்குக் கிட்ட, சிலவேளை அதற்கும் கீழே. போதாக்குறைக்குச் சோடியமும் பொற்றாசியமும் கல்சியமும் அள்ளிப் போட்டிருக்கும். அவை இருக்கிற சங்கிலியையும் அறுத்துவிடும்.

1977 ஜனவரி 10 அன்று நடந்தது என்ன? மலையுச்சிக் கிண்ணத்தில் லாவா ஏரி மிக உயரத்துக்கு நிறைந்து நின்றது. பக்கச் சுவர்கள் பிளந்தன. அடியில் ஓட்டை விழுந்த தாச்சிபோல ஏரி முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குள் வடிந்து முடிந்தது. வேகத்துக்குச் சிலிக்கா குறைந்தது மட்டும் காரணமல்ல: மேலே நின்ற ஏரியின் அமுக்கம், செங்குத்துச் சரிவு, அதோடு ஓட்டத்தின் ஆழம். குழப்பமின்றி வழிகிற ஓட்டத்தில் ஆழம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. சரிவில் இருந்த ஊர்ச்சனத்துக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை. இதற்கும் எங்கள் பத்திரிகைகள் 'வெடித்துச் சிதறியது' என்றே தலைப்புப் போடும். அங்கே வெடிக்கவும் இல்லை, சிதறவும் இல்லை, வழிந்தது. சொல்லப்போனால் எரிமலை எரிவதுமில்லை. உருகிய கல் சூட்டில் ஒளிர்கிறது, அவ்வளவுதான்.

கிட்டப் போய் அளப்பது ஹவாய் போன்ற குழம்புக்காரர் ஊரில்தான் அதிகம். உருக்குக் கம்பிவடத்தின் நுனியில் சுத்தியல் தலையைக் கட்டி லாவாவுக்குள் எறிந்து இழுப்பார்கள். ஒட்டி வந்ததை உடனே தண்ணீர் வாளிக்குள் போடவேண்டும். ஆறவிட்டால் பளிங்குகள் வளர்ந்து, மிச்சக் கண்ணாடியின் (பளிங்காகாமல் உறைந்த உருகிய கல்லின்) சேர்மானம் மாறிவிடும். சட்டென்று குளிர்ந்த கண்ணாடியில் மக்னீசியம் ஒட்சைட்டின் அளவைப் பார்த்தே வெப்பநிலையைக் கணக்கிடலாம். வெப்பமானிக் கோலை நேராகக் குத்தியும் அளப்பார்கள். பதகளிக்கிறவர் பிழைவிடுவது இங்கேதான். குளிர்ந்த கோல் உள்ளே போனதும் அதைச் சுற்றிக் கூழின் ஆடைபோல ஒரு தோல் உறையும். அது திரும்ப உருகி, இலக்கம் ஏறாமல் நிலைக்கும்வரை நிற்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் எழுதிக்கொள்வது தோலின் சூட்டை. உடுப்பு பருத்தி அல்லது கம்பளி. நைலோன் உருகித் தோலோடு ஒட்டும்.

சொதி ஓடும் இடத்தில் இந்த விளையாட்டு அபூர்வம். நிலநடுக்கமானி, சரிவுமானி, கந்தகவீரொட்சைட்டை ஊதாக்கடந்த ஒளியில் அளக்கும் கருவி என்று பெரும்பாலும் தூர நின்றே பார்க்கவேண்டும். ஒரு கிலோமீற்றர் நீளப் பலகையின் ஒரு நுனியை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் வரும் சாய்வுகூடச் சரிவுமானிக்குப் பிடிபடும். அப்படியிருந்தும் 2021 மே 22 அன்று நியிராகொங்கோ மறுபடி லாவா கக்கியபோது ஏமாந்தார்கள். மலையடியிலுள்ள கோமா நகர எரிமலை அவதான நிலையத்துக்கான உலக வங்கி ஆதரவுத் திட்டம் 2020இல் முடிந்து, இணையத் தொடர்புக்கே காசில்லாமல் மாதக்கணக்கில் தரவு வராமல் கிடந்தது. ஆனால் பழியை முழுக்கக் காசின்மேல் போடவும் முடியாது. மலைச்சுவர் தானாக விண்டதால் நில அதிர்வு தொடங்கியதற்கும் லாவா வெளிவந்ததற்கும் இடையில் 40 நிமிடமளவே இருந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

அந்த ஊரில் லாவா ஓடாத நாளிலும் ஆள் சாகும். மண்ணிலிருந்து கசியும் காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமாகையால் பள்ளங்களில் தேங்கும். சுவாகிலியில் மசுக்கு என்பார்கள். ஆடுகள் முதலில் விழும்.

நமக்கு மசுக்கு இல்லை, கிணறு இருக்கிறது. மேலே வைத்த, எண்ணெயில் ஓடும் இறைக்கும் மெசின் நடைமுறையில் ஏழு எட்டு மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே மெசினையே கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுகிறார்கள். அது கக்கும் காபனோரொட்சைட்டு (எண்ணெய் அரைகுறையாக எரிகையில் வரும் நச்சுவாயு) உள்ளேயே நிற்கும். மெழுகுதிரி இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பார்கள். மெழுகுதிரி காபனீரொட்சைட்டு மிகுந்தாலோ ஒட்சிசன் குறைந்தாலோதான் அணையும். ஆளைக் கொல்லுமளவு காபனோரொட்சைட்டு கலந்த காற்றிலும் அது வழமைபோல எரியும், இறங்கியவர்தான் விழுவார். அவரைத் தூக்கவென்று வெறுமனே குதிக்கிறவரும் விழுவார். எண்ணெய் மெசினை உள்ளே இறக்காதீர்கள். ஆழக் கிணறென்றால் நீரில் அமிழும் மின் பம்பை விடுங்கள்.