பழைய ஜீப்பில் அலங்கார விளக்கு: திரும்பும் வழியைப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறேன். 1998-ல் பதிவான மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். நண்பர்களுடன் அவ்வப்போது ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தைப் பக்கம் மலையேறுவோம். மட்கார்டுகளுக்கு அடியிலும் ஃபுட்போர்டுக்குக் கீழும் எட்டு சிறிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினேன். ரிமோட்டில் நிறம் மாறும் வகை. ஹாரனுக்குப் போகும் ஒயரிலிருந்து இணைப்பு எடுத்திருக்கிறார்கள். இண்டிகேட்டர் போட்டால் பின்பக்க விளக்குகளும் சேர்ந்து மங்கி மங்கி எரிகின்றன. மலையில் ஃப்யூஸ் போய்விடுகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 30 போடச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். இரண்டு வாரம் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்கலாமா? பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொந்தரவு வருமா?

பதில்: 30 ஆம்பியர் ஃப்யூஸை மட்டும் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் சரிசெய்யலாம். அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் அடுத்த முறை போவது ஃப்யூஸாக இருக்காது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயராக இருக்கும். ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்ற வைத்தது அல்ல, ஒயரைக் காப்பாற்ற வைத்தது. இருபத்தைந்து வயது கடந்த வண்டியில் ஒயரின் மேலுறை விறைத்து, வெடிப்பு விட்டிருக்கும். அதன் வழியே 30 ஆம்பியர் ஓடினால் முதலில் உருகுவது அந்த உறைதான். உங்கள் ஜீப்பில் அதற்கு ஓர் அடி தள்ளி ரெக்ஸின் சீட்டும் படுதாவும் இருக்கின்றன.

இனி உங்கள் மூன்று கோளாறுகளுக்கு வருகிறேன். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் மருந்து ஏறக்குறைய ஒன்றே: புதிய விளக்குகளுக்குப் பேட்டரியிலிருந்து தனி வழி, பேட்டரிக்கே திரும்பும் தனி வழி. போகும் வழியைப் பலரும் ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள். திரும்பும் வழியை, அதாவது எர்த்தை, கைக்கு எட்டிய போல்ட்டில் முறுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இண்டிகேட்டரோடு சேர்ந்து விளக்குகள் மங்குவது அதன் விளைவு. இண்டிகேட்டர் பல்பு ஒன்று 21 வாட். முன்னும் பின்னும் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கு 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். பின்பக்க பல்பின் மின்சாரம் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். உங்கள் ஜீப்பின் பாடி, சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் மீது ரப்பர் துண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் மின்சாரத்துக்காக இணைப்பது போல்ட்டுகளும், இருந்தால் ஒரு எர்த் பட்டையும்தான். போல்ட்டில் துரு, பட்டையில் பெயிண்ட், கூடவே சேறு. இந்த இறுக்கமான இடத்தில் இண்டிகேட்டர் மின்சாரம் நெருக்கியடித்துத் திரும்பும்போது, அதே போல்ட்டில் எர்த் எடுத்த எல்.இ.டி.களுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைகிறது. இண்டிகேட்டர் அணையும்போது மறுபடி ஏறுகிறது. விளக்கில் குற்றமே இல்லை.

இதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகடிவ் முனையில் தொடுங்கள். மற்றதை, எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் கறுப்பு ஒயரில் தொடுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். இண்டிகேட்டர் போட்டதும் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று துள்ளினால் திருடன் பிடிபட்டான். வழக்கமாக ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, வருகிறது, அதனால் லைட்தான் கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். திரும்பும் பாதையில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர் குறைவு. நல்ல எலக்ட்ரீஷியனை அடையாளம் காண இது எளிய வழி.

புதிய விளக்குகளை விடுங்கள், வண்டியின் சொந்த எர்த்தையே முதலில் புதுப்பியுங்கள். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு, சேசிஸிலிருந்து பாடிக்கு என மூன்று பட்டைகள் தேவை. தொடும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சின் பட்டை பழுதானால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் பெரும் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் போன்ற குறுக்கு வழிகளைத் தேடும். செல்ஃப் அடித்த கையோடு அந்தக் கேபிளைத் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் இதுதான். இந்த ஒரு வேலையிலேயே ஹெட்லைட்டுக்குப் புது வெளிச்சம் வந்துவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து ஃப்யூஸ். இங்கே இரண்டு காரணங்களுக்கு வாய்ப்பு உண்டு. உங்கள் எட்டு விளக்குகளும் தலா 6 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 48 வாட். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். ஹாரன் ஒன்று சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். இரட்டை ஹாரன் என்றால் எல்லாம் சேர்ந்து 12. பத்து ஆம்பியர் ஃப்யூஸ் 12 ஆம்பியரில் பட்டென்று போகாது. சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும் மலைப்பாதையில்தான் கைவிடும். அதோடு ஹாரனும் ஊமையாகிவிடும். எதிரே பஸ் இறங்கிவரும் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் இல்லாத ஜீப் எவ்வளவு ஆபத்து என்று மலையேறுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலங்காரத்துக்கான மின்சாரத்தை ஹாரன், பிரேக் விளக்கு, ஹெட்லைட், வைப்பர் ஆகிய எதிலிருந்தும் எடுக்கவே கூடாது.

இரண்டாவது காரணம், எங்கோ ஒயர் உரசி இரும்பைத் தொடுவது. குலுங்கும்போது மட்டும் போகும் ஃப்யூஸ் பெரும்பாலும் இந்த ரகம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய பட்டறை முறை இருக்கிறது. எல்.இ.டி.களையும் ஹாரன்களையும் கழற்றிவிடுங்கள். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில், ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எரியாது. இப்போது ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒயர்க் கட்டை முன்னிருந்து பின்னாக அசைத்துக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ அங்கேதான் ஒயர் இரும்பைத் தொடுகிறது. பல்பே மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதால் எதுவும் கருகாது. பத்து ஃப்யூஸ் வாங்கிவைத்துக்கொண்டு சோதிக்கும் செலவும் இல்லை.

மூன்றாவது, பேட்டரி இறங்குவது. ஹாரன் ஒயரில் சாவி இல்லாவிட்டாலும் மின்சாரம் இருக்கும். ஆகவே ரிமோட் பெட்டி, விளக்கு அணைந்திருந்தாலும் உங்கள் கட்டளைக்காக இரவு பகலாக விழித்திருக்கிறது. 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 17. வயதான பேட்டரியில் அது போனால் டீசல் எஞ்சினைச் சுழற்ற மிச்சம் இருக்காது. அளந்து பாருங்கள்: சாவியை எடுத்துவிட்டு, நெகடிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. உங்கள் ஜீப்பில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும்.

சரி, எப்படிப் போடுவது? நெகடிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். பேட்டரி பாசிடிவ்விலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று கிளம்பட்டும். கிளம்பிய ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் வர வேண்டும்; ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. உங்கள் 4 ஆம்பியருக்கு 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், பிளேடு வகையில் பழுப்பு நிறம். அதிலிருந்து ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 30-ம் எண் கால். 87-ம் எண் காலிலிருந்து விளக்குகளுக்கு. 85-ஐ எர்த் செய்யுங்கள். 86-க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஒயரிலிருந்து ஒரு சிறிய ஸ்விட்ச் வழியாக இணைப்பு கொடுங்கள். அந்த ஒயரில் போவது ரிலே காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் மட்டுமே. 87ஏ என்று ஒரு கால் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

4 ஆம்பியருக்கு ரிலே அவசியமா என்று கேட்டால், சுமையைப் பார்த்தால் அவசியமில்லை. நல்ல ஸ்விட்ச் ஒன்றே தாங்கும். பழைய இக்னிஷன் ஒயரின் மேல் கூடுதல் சுமை ஏற்றாமல், சாவியை எடுத்ததும் எல்லாம் செத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் ரிலே. ரிமோட் பெட்டியும் அதற்குப் பின்னால் போய்விடுவதால் பேட்டரிக் கவலை அன்றே தீர்ந்துவிடும்.

ஒயரின் பருமனில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்சக்கரம் வரை நாலு மீட்டர் என்று கொள்ளுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 4 ஆம்பியர் போய்த் திரும்பினால் 0.6 வோல்ட் அளவுக்கு வழியிலேயே போய்விடும், 2.5-ல் கால் வோல்ட்தான். முதுகெலும்பு ஒயர் 2.5, ஒவ்வொரு விளக்குக்கும் பிரியும் கிளை 1 அல்லது அதற்குக் கீழ். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியதைப் போடாதீர்கள். இழைகள் தடிமனாக இருக்கும், அதிர்வில் ஒடியும். வண்டிக்கென்று விற்கும் நுண்ணிழை ஒயரே வாங்குங்கள். கறுப்பு ஒயர்களையும் இதே பருமனில் ஒன்றுசேர்த்து நேரே பேட்டரி நெகடிவ்வுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு எச்சரிக்கை: விளக்கின் உலோக உடம்புக்கும் அதன் கறுப்பு ஒயருக்கும் உள்ளே தொடர்பு இல்லை என்பதை மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். தொடர்பு இருந்து, என்றாவது பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் பட்டை விட்டுப்போனால், செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் உங்கள் மெல்லிய கறுப்பு ஒயர் வழியே திரும்பப் பார்க்கும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் எங்கும் மோசம். வேலூர் வெயிலில் இன்னும் மோசம். சித்திரை முடிவதற்குள் டேப்பின் பசை உருகி வழிந்து, சுற்று அவிழ்ந்து தொங்கும். லக் எனும் உலோக முனை போட்டு, இடுக்கியால் நசுக்கிக் கிரிம்ப் செய்து, உட்பசை உள்ள சுருங்கும் ஸ்லீவைச் சூடாக்கி மூடுங்கள். ஈயப் பற்று வைப்பது உறுதி என்று தோன்றும். ஆனால் ஈயம் ஊறி விறைத்த இடம் முடியும் விளிம்பில்தான் ஒயர் அதிர்வில் ஒடிகிறது. தகட்டில் ஓட்டை வழியாக ஒயர் போகும் இடங்களில் குரோமெட் எனும் ரப்பர் வளையம் கட்டாயம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லாததால் அதையே மடித்துச் சொருகிவிடுவார்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். ஓட்டையின் விளிம்பு அரிக்கத் தொடங்கிவிடும். சைலன்சர், புரொப்பல்லர் ஷாஃப்ட், பட்டை ஸ்பிரிங் ஆகியவற்றிலிருந்து விலகி, சேசிஸின் உட்புறமாகவே ஒயரைக் கட்டுங்கள். சேசிஸில் துளை போட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் துளைகளே தாராளம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஐ.பி.67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. சர்வீஸ் நிலையத்தில் துப்பாக்கி வைத்துப் பீய்ச்சுவதற்கு அது உத்தரவாதம் அல்ல. எரிந்து சூடான விளக்கு ஓடைத் தண்ணீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் ஓரம் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஓடையில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே அணைத்துவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. விஷயம். 1998-ல் பதிவான சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்து, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. ஒழுங்காகப் புதுப்பித்து வந்திருந்தால் அடுத்தது 2028. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108, முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டுவதைத் தடுக்கிறது. 111, முன்பக்கம் ஸ்பாட் லைட் வைப்பதைத் தடுக்கிறது. நிறம் மாறும் விளக்கில் இதுதான் சிக்கல்: ரிமோட்டைத் தெரியாமல் அழுத்தினாலே மட்கார்டு சிவந்துவிடும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ஒரே நிற மஞ்சள் விளக்குகளுக்கு மாறிவிடுவேன், ரிமோட் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடுவேன். பொதுச் சாலையில், அது பெங்களூரு நெடுஞ்சாலையோ குடியாத்தம் கடைத்தெருவோ, அணைத்தே வையுங்கள். கூடாரம் அடிக்கும் இடத்தில் எரியட்டும். விளக்குகளுக்கென்று தனி ஒயர்க் கட்டு போட்டிருப்பதால் சோதனைக்குப் போகும்முன் பிளக்கைப் பிடுங்கி, எட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

பெரிய பேட்டரி இப்போது வேண்டாம். கசிவு இருக்கும் வரை பெரிய பேட்டரியும் இறங்கும், சில நாள் தாமதமாக. வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்துக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. 13-ஐயே தொடவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, மலிவான எல்.இ.டி.களை அது ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். ஆகவே புதிய விளக்குகள் வாங்குவதாக இருந்தால் இந்த அளவை எடுத்த பிறகு கடைக்குப் போங்கள்.