பிள்ளைகளோடு பாண்டி வருகிறீர்களா? பூங்கா பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எனக்கு இதே கேள்விகள் வந்து குவியும். நான் புதுச்சேரிக்காரன், வீட்டில் இரண்டு வாண்டுகள், சாயங்காலம் ஆனால் பாரதி பூங்காவில்தான் எங்கள் வாசம். தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா: அண்ணா, பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு மூணு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் இருக்கு. தாவரவியல் பூங்கா, மியூசியம், மணக்குள விநாயகர், பாரதி பூங்கா, சுண்ணாம்பாறு படகு, பீச். எந்த வரிசையில் போகலாம்?

வரிசை அப்புறம், முதலில் பாதியை வெட்டுங்கள். மூணு வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஆறு இடம் போனால் ஆறு இடத்திலும் நீங்கள் பார்க்கப்போவது அழுகையைத்தான். ஒரு நாளைக்கு ஒரு பூங்கா போதும். ஒன்று மட்டும் என்றால் என் ஓட்டு பாரதி பூங்காவுக்கு, ஏனென்றால் கோவில், மியூசியம், கடற்கரை மூன்றுமே அங்கிருந்து நடக்கிற தூரம். மூணு, மூணரைக்கு மியூசியம், நாலரைக்குப் பூங்கா, ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில் பூங்காவுக்கு முன்போ பின்போ, கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். சுண்ணாம்பாறு படகுத்துறை நீங்கள் வருகிற கடலூர் சாலையிலேயே, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது, அதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு விட்டுவிடுங்கள். மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, நீங்கள் ஞாயிறு வருவதால் பிரச்சினை இல்லை. உள்ளே பழைய கோச்சு வண்டிகளும், ஆள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகிற 'புஸ் புஸ்' வண்டியும் இருக்கும். பெரியவன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும் ஒருவர்: தாவரவியல் பூங்காதான் பெரிசு என்கிறார்கள். நீங்கள் ஏன் பாரதி பூங்காவையே சொல்கிறீர்கள்?

பெரிசுதான், மறுக்கவில்லை. ரயிலில் வருகிறீர்கள் என்றால் உங்களுக்கு அதுதான் பக்கமும்கூட. 1826-ல் போட்ட தோட்டம் அது. பெரோத்தே என்று ஒரு தாவரவியல் அறிஞர், வெளிநாட்டுச் செடிகளை எல்லாம் கொண்டுவந்து வைத்து, எது நம் மண்ணில் பிடிக்கிறது என்று அங்கே சோதித்துப் பார்த்திருக்கிறார். இன்று வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற மரங்களுக்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போனால் அருமையான இடம், மரத்தடியில் பெயர்ப்பலகை இருந்தால் படித்துக் காட்டிக்கொண்டே நடக்கலாம். ஆனால் நடக்கணும். நடக்கிற வயசு வந்த பிள்ளைகளுக்குத்தான் அது. இடுப்பில் தூக்கிக்கொண்டு சுற்றினால் கால் மணி நேரத்தில் உங்களுக்கே அலுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அங்கே உள்ள குழந்தைகள் ரயிலைச் சொல்லி ஆசை காட்டிப் பிள்ளையை அழைத்து வராதீர்கள். வாசலில் இன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு தாத்தா: போன தடவை பூங்கா நடுவில் இருக்கிற வெள்ளை மண்டபத்தைக் காட்டி 'இது யார் வீடு தாத்தா?' என்று பேத்தி கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன கதை அது?

ஐயா, ரொம்ப நல்ல கேள்வி. பூங்காவுக்கு வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசு முத்திரையில் இருக்கிறதே, அதே மண்டபம்தான்.

பேத்திக்குச் சொல்ல வேண்டிய கதை இது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் முத்திரையர்பாளையம் பக்கம் ஆயி என்று ஒரு தாசி இருந்தாளாம். அந்த வழியாக வந்த ராயர், விளக்கு ஜொலிக்கிற அவள் மாளிகையைப் பார்த்துக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் உண்மையைச் சொன்னதும் அவமானமும் கோபமும் வந்து, இதை இடித்துத் தள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். ஆயி அழவில்லை, சண்டை போடவும் இல்லை. அவகாசம் மட்டும் கேட்டாள். தன் வீட்டைத் தானே இடித்து, அதே இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிவிட்டாள்.

இது வரைக்கும் செவிவழிக் கதை. இனி வருவது வரலாறு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தில் நல்ல தண்ணீருக்குக் கஷ்டம், கடலோரக் கிணறெல்லாம் உப்பு. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் லாமெரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து கால்வாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதன் நினைவாகக் கட்டியதுதான் இந்த மண்டபம். ராஜாவுக்கோ கவர்னருக்கோ வைக்காமல், குளம் வெட்டிய ஒரு தாசியின் பெயரை வைத்தார்கள் பாருங்கள், எனக்கு இந்த ஊரிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் அது. பெரிய பிள்ளைகள் கேட்டால், பாடப்புத்தகத்தில் வருகிற வாட்டர்லூ நெப்போலியன் வேறு, இவர் அவருடைய தம்பி மகன் என்றும் சொல்லிவையுங்கள். தாசி என்பதைப் பேத்தியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தால், ஆடல் பாடல் தெரிந்த பெரிய பணக்கார அம்மா என்று சொல்லுங்கள், இந்த வயசுக்கு அது போதும்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: எங்க சில்வர் பீச்சை விட்டுட்டு எதுக்கு பாண்டி வரணும்? சும்மா கேட்கிறேன்.

வராவிட்டாலும் பாதகமில்லை தம்பி, மணலில் விளையாட உங்கள் கடற்கரைதான் சரி, எங்கள் பக்கம் பெரும்பாலும் பாறாங்கல். ஆனால் உங்கள் ஊருக்கும் இந்தப் பூங்காவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, தெரியுமா? 1690-ல் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டையை வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அந்த எல்லைக்குள் இருக்கிற ஊரெல்லாம் தங்களுக்கு என்று எழுதி வாங்கி, அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஆனது. அதுதான் புனித டேவிட் கோட்டை. 1758-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து பிடித்து அதைத் தரைமட்டமாக்கியது. மூன்றே வருஷம், 1761-ல் ஆங்கிலேயர் பாண்டியைப் பிடித்து இங்கே இருந்த லூயி கோட்டையை இடித்துத் தீர்த்தார்கள். அந்தக் கோட்டை நின்ற பகுதியில்தான் இன்று பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். எட்டு, பத்து வயசுப் பையன்கள் இருந்தால் காலையில் உங்கள் ஊர் இடிபாட்டைக் காட்டிவிட்டு சாயங்காலம் இங்கே கூட்டி வாருங்கள், ஒரே நாளில் முடியும்.

காரில் வருபவர்: பார்க்கிங்?

பூங்கா வாசல் வரைக்கும் கார் வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். தெருக்கள் நேர்கோட்டில் அழகாக இருக்கும், ஆனால் அகலம் கிடையாது. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் அந்த நேரத்தில் எல்லா வண்டியும் பக்கத்துச் சந்துகளில் சொருகிக்கொள்ளும். நாலு மணிக்கே வந்து கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள். ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு, அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே திருப்பாதீர்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து டெம்போ பிடித்து நேரு வீதிப் பக்கம் இறங்கி நடக்கலாம், எங்களுக்கு ஷேர் ஆட்டோ என்றால் டெம்போதான்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்களையும் கூட்டி வரலாமா?

தாராளமாக. தரை சமதளம், நிழல் இருக்கிறது, உட்கார பெஞ்சுகள் இருக்கின்றன. மண்டபத்துக்குப் பக்கமாக ஒரு பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்துவிட்டால் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். மற்ற இடங்களில் பெரியவர்களுக்குக் காத்திருப்புதான் வேலை, இங்கே அப்படித் தோன்றாது. ஆறு மணிக்கு வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியபிறகு கடற்கரைச் சாலையும் அவர்களுக்கு நல்லது, சக்கர நாற்காலியைத் தார்ச்சாலையிலேயே தள்ளிக்கொண்டு போகலாம். ஒன்றரை கிலோமீட்டர் நீளம், முழுசும் போகணும் என்று கட்டாயமா என்ன.

புதுமணத் தம்பதியின் மாமியார் (அவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்): அந்தப் பூங்காவில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்களாமே, குடும்பத்தோடு வரலாமா?

உட்கார்ந்திருப்பார்கள்தான். அவர்களுக்கும் ஊரில் வேறு நிழல் ஏது? பிள்ளைகள் கண்ணுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் மட்டும்தான் தெரியும். சாயங்காலம் பூங்கா முழுக்கக் குடும்பங்கள்தான், தயங்காமல் வாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து: சூரியன் மறைவதை பீச்சில் எந்த இடத்திலிருந்து பார்க்கலாம்?

எங்கிருந்தும் முடியாது சார். கிழக்குக் கரை! விடிகாலையில் வாருங்கள், அல்லது பௌர்ணமியன்று மாலை வாருங்கள், நிலா கடலிலிருந்து எழுந்து வரும். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடுவதால் சாயங்காலம் கடற்கரையில் முகத்தில் வெயில் அடிக்காது, அது ஒரு லாபம்.

நெய்வேலியிலிருந்து ஓர் அப்பா: காந்தி சிலை பக்கம் பிள்ளைகளைக் கடலில் கொஞ்சம் இறக்கலாமா? மணல் இருக்கிற மாதிரி போட்டோவில் பார்த்தேன்.

வேண்டாம். மணல் சேர்ந்திருப்பது உண்மை, தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் தடுப்பு அமைத்ததற்குப் பிறகு சேர்ந்தது. ஆனால் மணல் இருப்பதால் மட்டும் அது குளிக்கிற இடம் ஆகிவிடாது, இழுப்பு அதிகம், அடியில் கல். கால் நனைக்கப் போனவர்கள் என்று செய்தி வராத வருஷமே இல்லை. போலீஸ் விசில் ஊதினால் வீண் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். கல்லில் ஏறி செல்பி எடுப்பதும் அதே ரகம், பாசி வழுக்கும்.

சிதம்பரத்திலிருந்து: சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாமா?

புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி வந்து மரத்தடியில் சாப்பிடுகிற குடும்பத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கும். துண்டோ ஜமக்காளமோ கொண்டு வாருங்கள், விரிப்பதற்கு முன் சிவப்பு எறும்பு இருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். நாய்கள் வந்து நிற்கும், ஒன்றும் செய்யாது, ஆனால் ஒரு வாய் போட்டால் அடுத்து நாலு வரும். மிச்சத்தைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் தட்டு எல்லாம் இங்கே தடை. கட்டி வர நேரமில்லையா, நேரு வீதிப் பக்கம் எல்லா ரகத்திலும் கடை இருக்கிறது. பீச்சில் சுண்டல், மாங்காய், பஞ்சுமிட்டாய். பஞ்சுமிட்டாயில் அடர் ரோஸ் நிறம் இருந்தால் வாங்காதீர்கள். தடை செய்யப்பட்ட ரோடமின்-பி சாயத்தைக் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டார்கள், நினைவிருக்கும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தங்கை: பாத்ரூம், பால் கொடுக்க இடம்?

வெளிப்படையாகச் சொல்கிறேன், பூங்காவுக்கு வருவதற்கு முன் சாப்பிடுகிற ஓட்டலிலேயே பாத்ரூம் வேலையை முடித்துவிடுவது நல்லது. பால் கொடுக்க, கூட்டம் சறுக்குமரப் பக்கம் மொய்ப்பதால் எதிர் ஓரத்துப் பெஞ்சுகள் அமைதியாக இருக்கும், ஒரு துப்பட்டாவும் அம்மாவோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும்மா. கொசுவுக்கு ஏதாவது தடவிவிட்டுக் கூட்டி வா, இருட்டினால் விடாது.

பண்ருட்டியிலிருந்து: கோவில் யானை லட்சுமியைப் பார்க்கணும் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

லட்சுமி இப்போது இல்லை, 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் விழுந்து இறந்துவிட்டாள். அன்று ஊரே அழுதது. பையனிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் வந்து தெரிந்துகொண்டால் அவனுக்குக் கஷ்டம்.

பெங்களூரிலிருந்து: டிசம்பர் விடுமுறையில் வரலாமா, மழை இருக்குமா?

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை எங்களுக்கு மழைக்காலம். தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் எங்களுக்கும் நடுவில்தான் கரை கடந்தது, எத்தனை பெரிய மரங்கள் போயின என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், ஊரே தண்ணீரில் நின்றது. அதனால் டிக்கெட் போட்டாலும் கிளம்புவதற்கு முதல் நாள் வானிலை அறிக்கையைப் பாருங்கள். காற்று மழைக்கு மறுநாள் என்றால் பூங்காப் பக்கமே வேண்டாம், கிளை முறிந்து தொங்கிக்கொண்டிருக்கும். ஜனவரி, பிப்ரவரி முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள், அதைவிட நல்ல பருவம் எங்களுக்குக் கிடையாது. ஊசுடு ஏரியில் பறவைகளும் இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அக்கா: கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் என்ற பயத்திலேயே நான் வருவதில்லை.

பயப்படுவது நியாயம்தான் அக்கா. நுழைந்ததும் ஆயி மண்டபத்தைக் காட்டி, 'காணாமல் போனால் அழுதுகொண்டு அலையாதே, இந்த வெள்ளை மண்டபத்துப் படிக்கு வந்து நில்லு' என்று சொல்லிவிடுங்கள். பூங்காவின் நடுவில் இருப்பதால் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். சின்னதுகளுக்கு உங்கள் போன் நம்பரை உள்ளங்கையில் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும், முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ சட்டை போட்டு விடுங்கள், பச்சை வேண்டாம், செடிக்குள் போனால் தெரியாது. ஞாயிறு சாயங்காலம் வெளியூர்க் கூட்டம், மது பாட்டில் வாங்க வந்த கூட்டம் எல்லாம் சேர்ந்து நெரியும். உங்களுக்கு வாரநாள் தோதுப்பட்டால் செவ்வாய், புதன் வாருங்கள், ஊஞ்சலுக்கு வரிசைகூட இருக்காது. திரும்பும்போது ஏழரைக்கெல்லாம் பூங்காவையும் பீச்சையும் விட்டுக் கிளம்பிவிடுங்கள். கடலூர் பஸ் நிறைய உண்டு, ஆனால் தூங்குகிற பிள்ளையை மடியில் போட உட்கார இடம் வேண்டுமே.