ஹை கீ இலையுதிர் மரங்கள்: எடிட்டிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, படம் முழுக்க வெளிச்சமா, வெளுப்பா வர்ற ஹை கீ ஸ்டைல் பண்ணலாம்னு எக்ஸ்போஷரை ஏத்துனா ஆரஞ்சு இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிடுது, ஏன்?

பதில்: அந்த ஒரு ஸ்லைடரை மட்டும் நம்புனா அப்படித்தான். ஆரஞ்சு இலைல ரெட் சேனல்தான் முதல்ல 255ல, அதாவது உச்ச அளவுல, போய் முட்டும், அதுக்கு மேலயும் ஏத்துனா க்ரீன் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், அதான் மஞ்சளாத் தெரியுது, இன்னும் ஏத்துனா வெள்ளைதான். ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) மூணு கலரையும் தனித்தனியா பாருங்க. எக்ஸ்போஷரை கொஞ்சமா ஏத்திட்டு மீதிய டோன் கர்வ்ல (இருட்டு, நடு, வெளிச்சம்னு தனித்தனியா மாத்தற கோடு) நடுவுல தூக்குங்க, அப்பவும் இலை வெளிறுனா ஆரஞ்சோட லூமினன்ஸை (அந்தக் கலரோட வெளிச்சத்தை) லேசா இறக்குங்க. எல்லாரும் உடனே சாச்சுரேஷனைப் பிடிச்சு இழுக்கறாங்க, இலை பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுது.

கேள்வி: ஜேபெக்ல எடுத்த படம் ஓகேவா சார்?

பதில்: லேசான எடிட்னா ஓகே. ஜேபெக்ல ஒரு சேனலுக்கு 256 படிதான், 14 பிட் ரா (RAW, கேமராவோட மூல ஃபைல்) படத்துல 16384. ஆனா சென்சார்லயே வெடிச்சுப்போன வெள்ளை, ரா ஃபைல்ல கூட திரும்பாது.

கேள்வி: வெள்ளை வானத்துல கிளையெல்லாம் கருகருன்னு நிக்குது, ஓரத்துல ஊதா கோடு வேற.

பதில்: ஊதாவுக்கு லென்ஸ் கரெக்‌ஷன்ல டீஃப்ரிஞ்ச் இருக்கு, முதல்ல அதை முடிச்சிடுங்க. கருப்புக்கு, கர்வோட இடது கீழ்முனையைக் கொஞ்சம் மேல தூக்குனா கருப்பு சாம்பலாயிடும். ரொம்ப தூக்காதீங்க, அடிமரத்துல கொஞ்சமாச்சும் அழுத்தம் இருந்தாதான் மரம் நிக்கும், இல்லேன்னா பனிமூட்டத்துல எடுத்த படம்னு நினைச்சுப்பாங்க.

கேள்வி: பழைய பேப்பர் டெக்ஸ்சர் மேல போட்டேன் ப்ரோ, ஸ்க்ரீன் மோடுல ஒண்ணுமே தெரியல?

பதில்: தெரியாது, வெள்ளை மேல ஸ்க்ரீன்ல எதைப் போட்டாலும் வெள்ளைதான் வரும். மல்டிப்ளைக்கு மாத்துங்க, இப்ப வெள்ளை இருக்கற இடமெல்லாம் அப்படியே அந்தப் பேப்பராவே மாறிடும். ஹை கீ படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டே இதுதான், வானத்தை செலக்ட் பண்ற வேலையே இல்ல பாருங்க! அப்புறம் பேப்பர் லேயருக்கு லேயர் மாஸ்க் (வேண்டாத இடத்துல லேயரை மறைக்கற வசதி) போட்டு, சாஃப்ட் பிரஷ், 30% ஒப்பாசிட்டி, கருப்பு கலர் வச்சு இலை மேல மட்டும் தடவுங்க, பேப்பர் கறை விலகி கலர் திரும்ப வரும். முழுசா அழிச்சுட்டா வெட்டி ஒட்டுன மாதிரி ஆயிடும்.

கேள்வி: கனவு மாதிரி மெதுவா ஒளிர்ற ஆர்ட்டன் எஃபெக்ட் இதுக்கு செட் ஆகுமா?

பதில்: ஆகும், ஆனா அளவா. 1980கள்ல மைக்கேல் ஆர்ட்டன் ஓவர் எக்ஸ்போஸ் பண்ண ரெண்டு ஸ்லைடு ஃபிலிமை, ஒண்ணு ஷார்ப் ஒண்ணு அவுட் ஆஃப் ஃபோகஸ், ஒண்ணு மேல ஒண்ணு வச்சு செஞ்சது இது. நம்ம படம் ஏற்கனவே வெளிச்சமா இருக்கறதால ஸ்க்ரீன் வேணாம், லேயரை டூப்ளிகேட் பண்ணி காசியன் ப்ளர் குடுத்து நார்மல்லயே 20% வைங்க.

கேள்வி: பிரிண்ட் போட்டா படத்தோட ஓரமே தெரியல, ஆன்லைன்ல என் அக்கவுண்ட்ல போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

பதில்: 255 வெள்ளைல இங்க்கே விழாது, வெறும் பேப்பர்தான். கர்வோட வலது மேல்முனையை 245 கிட்ட இறக்கிட்டு ஒரு சின்ன டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாருங்க, அப்பவும் ஓரம் கரைஞ்சா மெல்லிசா ஒரு சாம்பல் பார்டர் போட்டுடுங்க.