குவார்ட்டரும் ஓர் ஒற்றெழுத்தும்

கேள்வி: வாரத்தில் நாலு நாள், ஒரு குவார்ட்டர். அதற்கு மேல் தொட்டதில்லை. பதினைந்து வருஷமாக அளவாக குடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. நாற்பது தாண்டியதிலிருந்து உள்ளுக்குள் ஒரு பயம். மிதமான குடி உடம்பைக் கெடுக்குமா?
- ஈரோடு வாசகர்

பதில்: அளவு என்கிறீர்களே, யார் வைத்த அளவு அது? பாட்டில் கம்பெனிக்காரன் 180 மில்லியில் மூடி போட்டான், நீங்கள் அங்கே நிறுத்துகிறீர்கள், அவ்வளவுதான். 250 மில்லியில் மூடியிருந்தால் அதுவும் உங்களுக்கு அளவாகத்தான் இருந்திருக்கும்.

நம்மூரில் அளவு தெரிந்தவர்கள் கட்டிங்காரர்கள் மட்டும்தான். சாயங்காலம் கடை வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஆளிடம் "அண்ணே, கட்டிங் போடலாமா?" என்று கேட்டு, ஆளுக்குப் பாதிக் காசு போட்டு, இரண்டு பிளாஸ்டிக் டம்ளரையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு சொட்டு கூடக்குறைய இல்லாமல் 90-90 ஊற்றுவார்கள் பாருங்கள், அந்த நேர்மையை நகைக்கடைத் தராசில்கூட நான் பார்த்ததில்லை. பெயர்கூடக் கேட்காமல் பிரிந்துபோவார்கள். இங்கே அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கோர்ட்டில் இருபது வருஷம் இழுக்கிறது!

சரி, உங்கள் கணக்கு. பல நாடுகளில் டாக்டர்கள் 'ஒரு டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தியில் அது வெறும் 30 மில்லி. உங்கள் குவார்ட்டர் ஆறு டிரிங்க். பிரிட்டனில் வாரத்துக்கு 112 கிராமைத் தாண்டாதீர்கள் என்று 2016-லிருந்து சொல்கிறார்கள். நீங்கள் 240-இல் நின்றுகொண்டு மிதம் என்கிறீர்கள்.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஒரு நண்பர் எழுதிக் கொடுத்த கட்டுரையை நான் போடவில்லை, இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பழைய ஆய்வுகள் பலவற்றில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யார்தான் பயில்வானாகத் தெரியமாட்டார்? ஆல்கஹால் புற்றுநோய் தரும் என்று 1988-லேயே பட்டியலில் ஏற்றியாகிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது.

ஒன்றும் ஆகவில்லை என்பதையும் நம்பாதீர்கள். ஈரல் பல்வலி மாதிரி கத்தாது, பாதிக்கு மேல் கெட்ட பிறகும் சும்மாவே இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், பிரஷர், மூன்றையும் பார்த்துவிடுங்கள். குடிக்காத நாளில் காலையில் கை நடுங்கினால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அதிலும் ஆபத்து உண்டு.

அப்புறம், என் நெடுநாள் வயிற்றெரிச்சல் ஒன்று. 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற எச்சரிக்கையை 'க்' இல்லாமல் எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன். எழுதியவருக்கு நாக்குக் குழறியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். உங்கள் கடிதத்திலும் 'அளவாக'வுக்கும் 'குடிக்கிறேன்'-க்கும் நடுவில் அதே 'க்'கைக் காணோம். அந்த நாலு நாளில் எந்த நாள் சார் எழுதினீர்கள்?