கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஷார்ஜாவில் இருக்கும் பள்ளித் தோழி வருந்தி வருந்தி அழைத்ததால் 60 நாள் விசாவில் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் இருந்தபோது தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசுவாள். இங்கே விடிந்தும் விடியாமலும் வேலைக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வருகிறாள், சாப்பிட்டுப் படுத்துவிடுகிறாள். கைக்கடிகாரத்தை மாற்ற மனம் வராமல் ஊர் நேரத்திலேயே வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு வாட்ஸ்அப்பில் பேசலாமென்றால் கால் போவதில்லை. கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை ஒரு நாள் வறுத்ததற்கு அவள் கணவர் முகம் சுளித்தார். வேண்டாத விருந்தாளி ஆகிவிட்டேனா? டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடவா?

– பெயர் வேண்டாம், உச்சிப்புளி

பதில்: முதலில் அந்தக் கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

உடம்பு ஷார்ஜாவில், பொழுது உச்சிப்புளியில் என்று மூன்று வாரத்தை ஓட்டியிருக்கிறீர்கள். நீங்கள் காபி போடும் ஐந்து மணி அந்த வீட்டில் மூன்றரை மணி. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த ரோட்டு நெரிசலில் தினமும் போய் வருகிறவளுக்கு விடிகாலைத் தூக்கம் எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள். சமையலறையில் ஒரு தம்ளர் உருண்டாலும் போச்சு. அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். சொல்லாததுதான் அவள் பாசம்.

தினமும் போனில் பேசிய அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரமாகத்தான் இருக்கும். அதை உங்களுக்குக் கொடுத்தாள். இப்போது நீங்கள் அவள் வீட்டிலேயே இருக்கிறீர்கள், அதனால் பஸ்ஸில் கண் அசருகிறாள். இதில் பாசம் குறைந்தது எங்கே?

வேண்டாத விருந்தாளியா என்று கேட்கிறீர்கள். மூன்று வாரம் கழித்தும் விருந்தாளியாகவே இருக்கிறீர்களே, குறை அதில்தான் இருக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பக்கம் சும்மா சொல்லவில்லை. என் அப்பத்தா 1964 புயலுக்கு முன்னால், தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, கொழும்பில் தோழி வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். போன மறுநாளே அம்மியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். ஆறு மாதமும் அந்த வீட்டு மசாலா அவர் கையால்தான். திரும்பும்போது தோழி கடற்கரை வரை அழுதுகொண்டே வந்ததை, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்காதீர்கள். "நீ உட்காரு" என்றுதான் பதில் வரும். ஒரு வேலையைப் பெயர் சொல்லி வாங்குங்கள். உங்களுக்கு மீன் தெரியும். ஷார்ஜாவில் சூக் அல் ஜுபைல் என்று பெரிய சந்தை இருக்கிறது. மீன், கறி, காய் எல்லாம் ஒரே கட்டடத்தில். அங்கே ஹமூர் என்பது நம் களவா. ஷேரி என்பது விளமீன் சாதி. பெயர்தான் வேறு, செவுளைத் தூக்கிப் பார்க்கிற கண் உங்களிடம் இருக்கிறது. "இனி மீன் வாங்குவதும் குழம்பு வைப்பதும் என் பொறுப்பு" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு வருகிறவளுக்குக் குழம்பு தயாராக இருந்தால், சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் உங்களோடு பேச உட்காருவாள்.

கருவாட்டு விஷயத்தில் அவள் கணவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஜன்னல் சாத்தி ஏசி ஓடுகிற வீடு அது. நம் முற்றத்தில் காற்று அள்ளிக்கொண்டு போகிற வாடை அங்கே மெத்தையிலும் திரைச்சீலையிலும் இரண்டு நாள் நிற்கும். மிச்சத்தைக் கட்டி வையுங்கள். பால்கனியில் வெளியே தெரிகிற மாதிரி துணி காயப்போடாதீர்கள். அதற்கு அங்கே அபராதம் உண்டு, கட்டப்போவது அவர்கள். வாட்ஸ்அப் கால் போகாதது உங்கள் போனின் கோளாறு இல்லை. அந்த நாட்டில் அதற்கு அனுமதியில்லை. அங்குள்ள நம்மவர்கள் போட்டிம் செயலியில் பேசுகிறார்கள். மகளின் போனிலும் அதை ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். ஊரிலேயே காதை வைத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டுச் சத்தம் உங்களுக்குக் கேட்காது.

டிக்கெட்டை மாற்றாதீர்கள். அதற்குப் பதில் இந்த வாரம் ஒரு நாள் அவளோடு சேர்ந்து கிளம்புங்கள். அவள் ஏறுகிற பஸ்ஸில் ஏறி, அவள் இறங்குகிற இடத்தில் இறங்கி, அலுவலக வாசல் வரை போய் விட்டுவிட்டு வாருங்கள். பிறகு துபாயில் தேராவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பர்துபாய்க்கு அப்ரா என்கிற சின்னப் படகில் போய் வாருங்கள். பாம்பன் பக்கம் படகு பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தத் தண்ணீர் அந்நியமாகத் தெரியாது. மாலை அவள் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருங்கள். தூங்கினால் தோளைக் கொடுங்கள்.